மட்டைக்கும் மருத்துவம் உண்டு



இலக்கிய நிகழ்ச்சியிலே கிரிக்கெட் மட்டைக்கு என்ன அலுவல் என்று உங்களுட் சிலர் வானொலியின் திருகியில் கைவைக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டும். கருவிகளைப் பாடுவது நம் புலவர்களுக்குப் புதிய தொழிலன்று. பொருநராற்றுப்படையிலே யாழ் உறுப்பு உறுப்பாக எடுத்து வருணிக்கப்படுகிறது. உழவையும் அதன் கருவிகளையும் பாடுவதற்கென்றே ஏரெழுபது என ஒரு நூல் எழுந்தது. ஒரு கருவியை ஊன்றிப் பார்த்து, அதன் அங்கங்களுக்குப் பெயரிட்டு, அது எதனால் ஆனது, எங்கே அதற்குப் பலம், எங்கே பலவீனம் என்று எடுத்துரைப்பதும் இலக்கியத்தின் வேலைகளுள் ஒன்றுதான். அந்த உரிமையை எடுத்துக்கொண்டு, வெடித்துப்போன ஒரு கிரிக்கெட் மட்டையைப் பற்றி இன்று உங்களுடன் கதைக்க வந்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் தமிழ் படிப்பிப்பவன். ஆயினும் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் லீவில் நிற்கும் நாட்களில் பிள்ளைகள் என்னிடந்தான் வந்து நிற்பார்கள். "சேர், பற் வெடிச்சுப் போச்சு. எறியிறதோ, கட்டுறதோ?" ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. இலேசான கேள்வியன்று. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிலே நம் ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர், இங்கிலாந்து வில்லோ மரத்தாலான மட்டை ஒன்று சாதாரண குடும்பத்துக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஒரே மட்டையை நாலைந்து பிள்ளைகள் மாறி மாறிப் பிடித்து ஆடும் அணிகள் உண்டு. அங்கே ஒரு மட்டையை எறிந்தால், அந்தப் பருவத்தோடு விளையாட்டையே விட்டுவிடுகிற பிள்ளையும் இருக்கிறான்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழாசிரியனுக்கு அது விட்டுப்போகாத பழக்கம். பிள்ளைகளின் வாயில் அது 'பற்'. நம் நாட்டுப் பத்திரிகைகளில் அது துடுப்பு. ஆடுபவர் துடுப்பாட்ட வீரர். தோணி வலிக்கும் துடுப்பைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்த பத்திரிகையாளர் எவரோ தெரியாது. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பதிலே ஐயமில்லை. தமிழ்நாட்டில் அது மட்டை. எனக்கு மட்டை என்ற சொல்லிலேதான் பிரியம். மட்டை என்றால் தென்னோலையின், பனையோலையின் காம்பு. தென்னை மட்டையை அளவாக வெட்டி, பிடிக்கும் பக்கத்தைச் சீவி, றப்பர்ப் பந்தோடு ஒழுங்கையில் இறங்காத பிள்ளை நம் ஊர்களில் எத்தனை பேர்? அந்த மட்டைக்கு அடியிலே இலேசான வளைவு இருக்கும். இங்கிலாந்திலும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கிரிக்கெட் மட்டை அடி வளைந்த தடியாகத்தான் இருந்தது. பந்தை நிலத்தோடு உருட்டி விட்ட காலம் அது. பந்தைத் தரையிற் குத்தி எழும்பும்படி எறியத் தொடங்கிய பின்னர்தான் மட்டை நிமிர்ந்தது. ஆகவே தென்னை மட்டையோடு நின்ற நம் பையன், தன்னை அறியாமலே கிரிக்கெட்டின் பழைய சரித்திரத்தைக் கையிற் பிடித்திருந்தான் எனலாம்.

இனி மரம். வில்லோ நம் மண்ணில் வளரும் மரமன்று. ஆனால் அதன் இனத்து மரமொன்று தென்னிந்திய மலைப்பக்கத்து ஆற்றங்கரைகளில் உண்டு. தமிழில் அதற்கு ஆற்றுப்பாலை என்று பெயர். மட்டை செய்யும் வெள்ளை வில்லோவும் நீர்க்கரையை விரும்பும் மரந்தான். இங்கிலாந்தின் கிழக்கே எசெக்ஸ், சபோக் பகுதிகளின் ஓடைக்கரைகளில் தடிகளை நட்டு, ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகள் வளரவிட்டுத் தறிக்கிறார்கள். தறித்த அடிமரத்தைத் துண்டாக்கி, நெடுக்கே ஆப்பு வைத்துப் பிளக்கிறார்கள். பிளந்த துண்டுகளின் இரு முனைகளையும் மெழுகிலே தோய்க்கிறார்கள். முனை வழியாக ஈரம் சடுதியாக வெளியேறினால் மரம் வெடித்துவிடும் என்பதால். மட்டையாவதற்கு முன்னரே வெடிப்பைப் பற்றிய பயம் தொடங்கிவிடுகிறது, பாருங்கள்.

வில்லோ மென்மையான மரம். புதிதாய்ச் சீவிய பலகையில் நகத்தால் அழுத்தினால் அடையாளம் விழும். அவ்வளவு மென்மையான மரத்தால் கல்லைப் போன்ற தோற்பந்தை அடிப்பது எப்படி? பலகையை இரும்பு உருளைகளுக்கிடையே விட்டு நெரிக்கிறார்கள். முகத்தின் மேற்பரப்பிலுள்ள நார்கள் நெருங்கி இறுகிப்போகின்றன. உள்ளே மரம் பஞ்சுத்தன்மையோடு இருக்கிறது. மேலே தோல், உள்ளே தசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தோல் அடியைத் தாங்குகிறது. தசை அடியை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. பிடியோ வேறு இனம். தென்கிழக்காசியக் காடுகளின் பிரம்பைப் பட்டை பட்டையாகச் சீவி, இடையிடையே றப்பர் வைத்து ஒட்டி, ஆப்பு வடிவில் கூராக்கி, வில்லோவின் தோளிலே இறக்குகிறார்கள். அந்த இணைப்பை 1880களில் வகுத்தவர் சாள்ஸ் றிச்சாட்சன் என்ற புகையிரதப் பாதைப் பொறியியலாளர் என்பர். சேவேர்ண் ஆற்றின் கீழாகச் சுரங்கம் அமைத்தவர். சுரங்கத்தையும் மட்டையையும் ஒரே மூளை யோசித்திருக்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், வெடிப்பை விளங்கிக்கொள்வதற்காகத்தான். இறுகிய தோலும் இளகிய தசையும் ஒன்றாய் இருக்கும் பொருளில் வெடிப்பு வராமல் விடாது. அது அந்தப் பொருளின் இயல்பு. நல்ல மட்டை என்று முதுகிலே எழுதியிருந்தாலும் வெடிக்கும்.

ஆனால் எல்லா வெடிப்பும் ஒன்றன்று. இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. கீறல், சிலும்பு, வெடிப்பு, பிளவு என்று நாம் பொதுவாகப் பேச்சில் கலந்து வழங்கும் சொற்கள் உண்டே, அவற்றைத் தராதரம் பார்த்து வழங்கினால் பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

கீறல் என்பது முகத்திலே, பந்து படும் இடத்திலே விழும் மயிரிழைக் கோடு. அது நோயே அல்ல. முகத்தில் கீறல் இல்லாத மட்டை ஆடாத மட்டை. பிள்ளைகள் இதைக் கண்டுதான் அதிகம் பதறுவார்கள். உடனே பசையைக் கொண்டுபோய் ஊற்றுவார்கள். வேண்டாம். மெல்லிய மண்கடதாசியால் மரத்தின் ரேகை போகும் திசையிலே இரண்டு தரம் தேய்த்து, விரல்நுனி எண்ணெய் தடவி விட்டுவிடுங்கள். கீறலைப் பார்த்துக்கொண்டிருப்பதே அதற்குரிய சிகிச்சை.

சிலும்பு என்பது விளிம்பிலே மெல்லிய செதில் எழும்பி நிற்பது. பந்து மட்டையின் ஓரத்திலே உரசிக்கொண்டு போனால் இது வரும். சட்டையில் மாட்டுகிறதே என்று பிடுங்குவது பெரும் பிழை. பிடுங்கினால் அது தன்னோடு அரைச் சாண் மரத்தை உரித்துக்கொண்டு போகும். செதிலை மெல்லத் தூக்கி, ஈர்க்குநுனியால் பசையை உள்ளே தடவி, படிய அழுத்தி, இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைக்க வேண்டும்.

வெடிப்பு ஆழமானது. நகநுனி உள்ளே இறங்கினால் அது வெடிப்பு. பெரும்பாலும் விளிம்பிலோ, அடிநுனியிலோ, ரேகையின் வழியே ஓடும். இதற்கு அவசரம் ஆகாது. முதலில் உள்ளே போன மண்ணையும் தூசியையும் ஊதியும் தூரிகையால் துடைத்தும் எடுக்க வேண்டும். தூசியின் மேல் ஒட்டிய பசை தூசியைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது. பின்பு தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையைச் சிறிது நீர்க்கக் கலந்து வெடிப்பிலே விட்டு, மட்டையை இலேசாக அசைத்து அசைத்து, வெடிப்பு வாயைத் திறந்து மூடும்படி செய்ய வேண்டும். பசை தானாக உள்ளே இழுபட்டுப் போகும். பசை வெளியே பிதுங்கும்வரை அழுத்தி, பிதுங்கியதை ஈரத்துணியால் துடைத்து, பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றிச் சுற்றி இறுக்குங்கள். சைக்கிள் ரியூப்பைப்போல் உத்தமமான கட்டு வேறில்லை. கயிறு ஓரிடத்தில் வெட்டும், ஓரிடத்தில் தளரும். ரியூப்போ எல்லா இடத்தையும் ஒரே அளவாய் நெரித்துப் பிடிக்கும். 24 மணித்தியாலம் கைவைக்காதீர்கள். மறுநாள் அவிழ்த்து, மேடு பள்ளத்தைத் தேய்த்துச் சமனாக்கி, கண்ணாடியிழை நாடாவால் விளிம்பைச் சுற்றி ஒட்டினால் காரியம் முடிந்தது. கடையிலே உடனே ஒட்டும் பசை என்று சிறு குப்பியில் விற்பதைச் சிலர் விரும்புவார்கள். மயிரிழை வெடிப்புக்கு அது சரி. அகன்ற வெடிப்பிலே அது கண்ணாடியாக இறுகி, அடுத்த அடியிலே நொறுங்கிவிடுகிறது.

பிளவு வேறு. அடிநுனியிலிருந்து மேலே ஏறி, முகத்திலும் முதுகிலும் ஒருங்கே தெரிவது பிளவு. யோக்கர் பந்துகளை அடிநுனியால் தடுத்துத் தடுத்து வருவது பெரும்பாலும் இதுதான். பசை மட்டும் போதாது. பக்கவாட்டிலே துளையிட்டு, மரத்தாலான ஆணியைப் பசையோடு குறுக்கே இறக்கி, பிளவின் இரு பாதிகளையும் தைக்க வேண்டும். கைப்பழக்கம் உள்ள தச்சரிடம் கொடுங்கள். இரும்பாணி அடிக்கிறேன் என்று எவராவது சொன்னால் மட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மரத்தாலான ஆணி என்றேன் அல்லவா? இதிலே ஒரு சுவையான செய்தி உண்டு. கிரிக்கெட்டின் விதிகளில் ஐந்தாவது விதி மட்டையைப் பற்றியது. மட்டையின் நீளம் 38 அங்குலத்தையும், அகலம் நாலேகால் அங்குலத்தையும் தாண்டலாகாது. 2017 இல் வந்த விதித்தொகுப்பு விளிம்பின் தடிப்பையும் 40 மில்லிமீற்றர் என்று கட்டுப்படுத்தியது. அதே விதி பழுதுபார்த்தலைப் பற்றியும் பேசுகிறது. மட்டையின் மேலே ஒட்டும் பொருள் 1 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. மேற்பரப்புக்கு உள்ளே போன சேதத்தைத் திருத்த மட்டைக்குள் எதையாவது வைப்பதானால், அது மரமாகத்தான் இருக்கவேண்டும். பசையும் அத்தியாவசியமான அளவுக்கு மேல் கூடாது. சட்டம் எழுதுகிறவர்கள் தச்சர்களைப்போல் பேசுவது அபூர்வம். இந்த ஓரிடத்திலே பேசியிருக்கிறார்கள்.

அந்த நாலேகால் அங்குலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1771 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஹம்பிள்டன் கழகத்துக்கு எதிராக ஆடவந்த வைற் என்பவர், விக்கெட்டு முழுவதையும் மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையோடு வந்து நின்றாராம். ஹம்பிள்டன்காரர் உடனே அகலத்துக்கு எல்லை குறித்து எழுதிக் கையொப்பமிட்டார்கள். ஒப்பமிட்டவர்களுள் ஒருவரான ஜோன் ஸ்மோல் மட்டையும் பந்தும் செய்து விற்றவர். 1979 டிசம்பரிலே பேர்த் மைதானத்தில் அவுஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கியதும், இங்கிலாந்துத் தலைவர் ஆட்சேபித்ததும், லில்லி அதை வீசி எறிந்ததும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மறு ஆண்டு விதித்தொகுப்பிலே மட்டையின் அலகு மரத்தாலேயே ஆகவேண்டும் என்று எழுதப்பட்டது. மரமாக இருக்கும்வரைதான் அது வெடிக்கும்; வெடிக்கக்கூடியதாக இருக்கும்வரைதான் அது கிரிக்கெட் மட்டை. விதி அப்படித்தான் ஆகிவிட்டது.

இந்த விதிகளை வாசிக்காத ஒருவரிடம் இதே சட்டத்தை நான் சிறுவயதிலே கண்டிருக்கிறேன். 1990 முதல் வடக்குக்குப் பொருட்கள் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகள். சவர்க்காரமும் பற்றறியுமே அருமையாயிருந்த காலத்தில் கிரிக்கெட் மட்டைக்கு எங்கே போவது? எங்கள் ஊர் இளைஞர்களிடம் ஒரேயொரு வில்லோ மட்டை இருந்தது. 1904 முதல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடந்துவருகிற பெரும்போட்டியைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த மண் அல்லவா, ஆசை மட்டும் குறையவில்லை. மட்டையின் விளிம்பிலே ஒரு நாள் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு பெயர்ந்துபோய்விட்டது. கதவு, நிலை, கட்டில் செய்யும் தச்சர் ஒருவரிடம் அண்ணன்மார் கொண்டுபோனார்கள். சிறுவர்களான நாங்களும் பின்னாலே போய் நின்றோம்.

பட்டறையிலே பனைச்சிராம்பும் வேப்பந்துண்டும் முதிரையும் குவிந்து கிடந்தன. "ஐயா, முதிரை வைச்சு அடைச்சு விடுங்கோ, ஒருநாளும் பெயராது" என்றார் ஒரு அண்ணன். தச்சர் மட்டையைக் கையில் ஏந்தி, பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். "தம்பி, இது பஞ்சு மரம். இதுக்குள்ள முதிரையை வைச்சால் முதிரை நிக்கும், இது போயிடும்" என்றார். வேறு உடைந்த மட்டை ஏதும் இருந்தால் கொண்டுவரும்படி சொன்னார். யாரோ ஒருவர் வீட்டு அட்டாளையிலே பிடி முறிந்த பழைய மட்டை ஒன்று அகப்பட்டது. அதன் தோளிலிருந்து ஒரு துண்டை அறுத்து, பெயர்ந்த பள்ளத்தை உளியால் ஒழுங்காக்கி, துண்டின் ரேகையும் மட்டையின் ரேகையும் ஒரே திசையில் ஓடும்படி வைத்து, வச்சிரம் காய்ச்சி ஒட்டினார். வலைக்குப் பாவிக்கும் நைலோன் நூலால் அதன் மேல் சுற்றினார். சுற்றிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நூலின் தொடக்கத்தை மட்டையோடு படுக்கவைத்து அதன் மேலேயே சுற்றிக்கொண்டு போனார். கடைசி எட்டுப் பத்துச் சுற்றுக்கு முன் வேறொரு நூலை வளையமாக மடித்து அடியில் வைத்தார். சுற்றி முடித்ததும் நுனியை அந்த வளையத்துக்குள் கோத்து, வளையத்தை மறுபக்கத்தால் இழுத்தார். நுனி சுற்றுக்கு அடியிலே போய் மறைந்துவிட்டது. முடிச்சே இல்லாத கட்டு. மட்டையின் பிடியிலே நூல் தளர்ந்துபோனால் இன்றைக்கும் நான் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பது இந்தக் கட்டைத்தான்.

ஒட்டுப்போட்ட இடம் வெளிறிய வேறு நிறத்தில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. வர்ணம் பூசி மறைப்போமா என்று கேட்டார்கள். "மறைச்சால் அடுத்த முறை எங்க வெடிக்குதெண்டு எப்பிடித் தெரியும்?" என்றார் தச்சர்.

பல்கலைக்கழகத்திலே பதிப்பு வரலாறு படித்தபோது அந்தத் தச்சரை எனக்கு அடிக்கடி நினைவு வந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் உதிரும் ஏடுகளோடு தாம் பட்ட பாட்டை முன்னுரையிலே எழுதியிருக்கிறார். 1894 இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் எழுத்துச் சிதைந்த இடங்களைத் தம் சொந்தச் சொல்லால் நிரப்பாது, சிதைந்தது சிதைந்ததாகவே தெரியவிட்டார். அவருக்கு அந்த இடங்களை நிரப்பும் புலமை இல்லாமலா போயிற்று? தம் காலத்து முதிரையை வைத்து அடைத்திருந்தால் பாட்டு அந்த இடத்திலே முறிந்திருக்கும். புள்ளிகளோடு நிற்கிற அந்தப் பாட்டுகளை நாம் இன்றும் நம்பி வாசிக்கிறோம். இந்த ஒப்புமை சற்று அதிகம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதிப்பாசிரியர்களைத் தச்சரோடு வைத்துப் பேசுவதில் யாருக்கும் குறைவில்லை என்பது என் எண்ணம்.

ஏட்டைப் பற்றிச் சொன்னதும் எண்ணெய் ஞாபகத்துக்கு வருகிறது. ஏட்டுச்சுவடி காய்ந்து முறியாதிருக்க எண்ணெய் தடவிய வழக்கம் நம்மிடம் இருந்தது. மட்டைக்கும் எண்ணெய் வேண்டும். ஆனால் எந்த எண்ணெய் என்பதிலேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வீட்டிலே இருப்பது தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும். தேங்காயெண்ணெய் எத்தனை நாள் வைத்தாலும் உலராது. மரத்துக்குள்ளே போய் ஈரமாகவே கிடந்து, மட்டையைக் கனக்கவும் மந்தமாகவும் செய்துவிடும். லின்சீட் எண்ணெய் என்று கடைகளிற் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயோ காற்றுப் பட்டால் மெல்ல இறுகி, மெல்லிய படலமாக மாறும் குணமுடையது. ஓவியர்கள் வர்ணத்தைக் குழைக்க அதைப் பாவிப்பதும் இந்தக் குணத்தால்தான். பச்சை எண்ணெயாக, காய்ச்சாததாகக் கேட்டு வாங்குங்கள்.

பூசுவதிலும் அளவு வேண்டும். ஒரு கரண்டி போதும். மெல்லிய துணியில் தோய்த்து முகத்திலும் விளிம்புகளிலும் அடிநுனியிலும் தடவி, மட்டையைப் படுக்கையாகக் கிடத்திவிட வேண்டும். நிறுத்தி வைத்தால் எண்ணெய் வடிந்து அடிநுனியிலே தேங்கும். பிடி இறங்கியிருக்கும் தோட்பட்டைப் பகுதியில் எண்ணெய் படலாகாது. உள்ளேயுள்ள பசை இளகிவிடும். ஒரு நாள் விட்டு மண்கடதாசியால் இலேசாகத் தேய்த்து மறுபடியும் ஒரு தரம். புதிய மட்டைக்கு இரண்டு மூன்று பூச்சு. அதற்குமேல் ஆண்டுக்கு ஓரிரு தரம். முகத்திலே ஒளி ஊடுருவும் தாள் ஒட்டியிருந்தால் அங்கே பூசவே வேண்டாம். அன்பு மிகுதியால் வாரந்தோறும் எண்ணெய் குளிப்பாட்டப்பட்ட மட்டைகளை நான் கண்டிருக்கிறேன். அடித்தால் தலையணையில் அடித்த சத்தம் வரும். இன்னொன்று: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உலரும்போது அது சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட்டு, நீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

எண்ணெய் பூசிய புதிய மட்டையை நேரே போட்டிக்குக் கொண்டுபோவதும் வெடிப்பை அழைத்துக்கொள்வதேயாகும். கொட்டாப்புளியாலோ, காலுறைக்குள் போட்ட பழைய பந்தாலோ நாலைந்து மணித்தியாலம் தட்டிப் பழக்க வேண்டும். ஒரே நாளில் அல்ல. முதலில் மெதுவாக, பின்பு சற்று அழுத்தமாக. விளிம்புகளைச் சாய்வாகத் தட்டி உருட்சியாக்க வேண்டும். நேரான அடியை விளிம்பு தாங்காது. வெடிப்புத் திருத்திய மட்டைக்கும் திருத்திய இடத்தைச் சுற்றி இந்தத் தட்டல் அவசியம். தட்டும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். நல்ல மட்டை கணீரென்று சொல்லும். பிடி உள்ளே விலகியிருந்தால் கிலுக்கென்று ஒரு சிறு சத்தம் கூட வரும். கண்ணுக்குத் தெரியாத அந்த விலகலைக் காதுதான் கண்டுபிடிக்கும்.

நம் நாட்டுக் காலநிலை மட்டைக்கு இரண்டு பக்கமும் இடி. வாடைக் காலத்தில் நிலம் ஊறிக் கிடக்கும். அடிக்க நிற்பவர் பந்து வரும்வரை மட்டையின் அடியைத் தரையிலே தட்டித் தட்டி நிற்பது வழக்கம்; ஒவ்வொரு தட்டலுக்கும் அடிநுனி ஈரத்தைக் குடிக்கிறது. குடித்த மரம் வீங்கும், நார் எழும்பிச் சொரசொரக்கும், பிறகு காயும்போது வெடிக்கும். அடிநுனியிலே றப்பர்த் தகடு ஒட்டுவது இதற்காகத்தான். விதியும் 3 மில்லிமீற்றர்வரை அதற்கு இடந்தருகிறது. சப்பாத்துத் தைப்பவரிடம் கேட்டால் தகட்டையும் அதற்கேற்ற பசையையும் அவரே தருவார். நனைந்த மட்டையை வெயிலில் வைப்பவர்கள் பலர். அது கூடவே கூடாது. துணியால் ஒற்றி, நிழலிலே, காற்றோட்டத்திலே கிடத்துங்கள். சோளகக் காலத்தின் பயம் வேறு. தகரக் கூரைக்குக் கீழே, பூட்டிய வானின் பின்புறத்திலே மட்டை கிடந்தால் மரத்துக்குள் இருக்கவேண்டிய சிறிதளவு ஈரமும் போய்விடும். முற்றாகக் காய்ந்த வில்லோ பிஸ்கோத்து மாதிரி. கட்டிலுக்குக் கீழே, சீமெந்துத் தரையிற் படாமல், ஒரு சாக்கின் மேலே கிடத்தி வைத்தால் போதும்.

எல்லா மட்டையையும் காப்பாற்ற முடியுமா என்றால், முடியாது. முகத்திலே பந்து படும் இடம் நொய்ந்து குழிந்து, அழுத்தினால் பெருவிரல் புதைகிறதென்றால் அந்த மரத்தின் தசை முடிந்துவிட்டது. பசையும் நாடாவும் அதற்கு ஒன்றும் செய்யா. நாடாவின் மேல் நாடா சுற்றி முன்னூறு கிராம் கூட்டிக்கொண்டு ஆடுவது பிள்ளையின் மணிக்கட்டுக்குக் கேடு. அப்படிப்பட்ட மட்டை ஒன்றை எறியச் சொல்லிவிடுகிறேன். எறிவதற்கு முன் தோளிலும் முதுகிலும் உள்ள நல்ல மரத்தை அறுத்து எடுத்து வைக்கச் சொல்கிறேன். அடுத்த மட்டைக்கு ஒட்டு அதிலிருந்துதான் வரவேண்டும். எங்கள் கல்லூரி விளையாட்டறையின் அலுமாரியிலே ஒரு பிஸ்கோத்துப் பேணி நிறைய இந்தத் துண்டுகள் இருக்கின்றன.

அடிநுனி மட்டும் பிளந்து, மேற்பாதி சுகமாக இருக்கும் மட்டை என்றால் வேறு வழி உண்டு. பிளந்த இரண்டு மூன்று அங்குலத்தை நேராக அறுத்து எடுத்துவிட்டு, அறுத்த முனையை உருட்சியாகத் தேய்த்து, எண்ணெய் காட்டி, றப்பர்த் தகடு ஒட்டி, பிடியையும் அதே அளவுக்குக் குறைத்துவிட்டால், பதின்மூன்று வயதுக்குட்பட்ட அணியிலே நிற்கும் சின்னப் பிள்ளை ஒருவனுக்கு அளவான மட்டை கிடைத்துவிடும். மேலே இருக்கும் பழைய நூலை அவிழ்த்துவிட்டு, முடிச்சில்லாமல் புதிதாகச் சுற்றிக்கொடுங்கள்.